ஆராய்ச்சிக் கட்டுரையும் அரங்க உரையும்

ஆராய்ச்சியின் முடிவைக் கட்டுரையாக எழுதி வெளியிடுவதோடு ஆராய்ச்சியாளரின் கடமை முற்றுப்பெறுவதில்லை. மகாநாடுகளிலும் விஞ்ஞானச் சங்கங்களின் கூட்டங்களிலும் அம்முடிவைத் தம் துறையினர் முன்னிலையில் வாய்மொழியாக எடுத்துரைக்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. இதற்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடங்களே. பல ஆண்டுகளின் உழைப்பு பிறரால் அறியப்படுவதும், கவனிப்பாரற்றுப் போவதும் சில வேளைகளில் இச்சிறு பொழுதைப் பொறுத்தே அமைகின்றன. ஆயினும், எழுதிய கட்டுரையை அப்படியே படித்துவிடுவதே போதுமென எண்ணுவோர் பலர்.

இவ்வெண்ணம் பொருந்தாது. கட்டுரையைப் படிப்பவர் விளங்காத இடத்தில் நிற்கலாம். முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். அட்டவணையை அரைமணி நேரம் ஆராயலாம். கேட்பவருக்கோ இவ்வசதி எதுவும் இல்லை. ஒரு சொல்லின் பொருளை அவர் எண்ணிக்கொண்டிருக்கையில் அடுத்த மூன்று வாக்கியங்கள் அவரைக் கடந்து சென்றுவிடுகின்றன. ஆகவே, உரை என்பது கட்டுரையின் சுருக்கமன்று. அதே ஆராய்ச்சியைச் செவிக்கு ஏற்றவாறு மீண்டும் அமைப்பதாகும்.

ஒரு முன்மாதிரி

இதற்குத் தக்க சான்று நம் நாட்டிலேயே உள்ளது. ராமன் விளைவு 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் உறுதி செய்யப்பட்டது. மூன்று வாரங்கள் கழிவதற்குள், மார்ச் 16ஆம் நாள், பேராசிரியர் சி. வி. ராமன் பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டத்தில் அதைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரையின் அச்சு வடிவம் இன்றும் கிடைக்கின்றது.

அதன் அமைப்பு கருதத்தக்கது. தாம் பேசப்போவது ஒரு புதிய வகைக் கதிர்வீச்சைப் பற்றியது என்பதை முதல் வாக்கியத்திலேயே அவர் அறிவித்துவிடுகிறார். பின்னர், அணுக்களும் மூலக்கூறுகளும் ஒளியை வெளியிடும் விதங்களுள் முன்பே அறியப்பட்டவற்றை நினைவூட்டுகிறார். அதன் பின்னரே கல்கத்தாவில் நடந்த ஆராய்ச்சியின் வரலாற்றைக் கூறுகிறார். தூய கிளிசரினில் சிதறிய சூரிய ஒளி வழக்கமான நீலமாக இன்றி ஒளிமிக்க பச்சையாகத் தோன்றியதை வெங்கடேசுவரன் கண்டதையும், கே. எஸ். கிருஷ்ணனின் பங்கையும் அங்கே பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். இவ்வாறு அறிந்ததிலிருந்து அறியாததற்குக் கேட்போரைப் படிப்படியாக அழைத்துச் செல்கிறார்.

அடிப்படைப் பரிசோதனையும் எவரும் மனக்கண்ணால் காணக்கூடியதே. சூரிய ஒளியை நீல-ஊதா வடிகண்ணாடியின் வழியே ஒரு திரவத்துள் செலுத்தினால், அதில் ஓர் ஒளித்தடம் தெரியும். அந்நீல-ஊதா ஒளியைத் தடுக்கும் மஞ்சட்பச்சை வடிகண்ணாடியை, ஒளி திரவத்துள் புகும் பாதையில் சேர்த்து வைத்தால், தடம் மறைந்துவிடும். அதே கண்ணாடியைத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையே வைத்தால், தடம் தொடர்ந்து தெரியும். புகுந்த ஒளியில் இல்லாத ஒரு நிறம் சிதறிய ஒளியில் இருக்கின்றது என்பது இதனால் விளங்கும். சமன்பாடு ஒன்றுமின்றியே முக்கிய உண்மை மனத்தில் பதிகின்றது.

ராமன் இவ்வுரையை அச்சிடச் செய்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கும் அனுப்பினார். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்போர் அதே ஆண்டில் இதே நிகழ்ச்சியைப் படிகங்களில் கண்டிருந்தனர் என்பதை நினைத்தால், காலந்தாழ்த்தாது தெளிவாகச் சொல்லுதலின் பயன் புலப்படும். 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ராமனுக்கு அளிக்கப்பட்டது.

எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது

உரையைத் தயாரிப்பவர் முதலில் செய்ய வேண்டுவது, தம் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுவதாகும். அவ்வாறு எழுத இயலாவிடின், குறை பேச்சுத் திறனில் அன்று, தெளிவில்தான் உள்ளது. எழுதிய பின், கட்டுரையின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, 'இதனை நீக்கினால் அவ்வாக்கியத்தை நம்ப முடியாமற் போகுமா?' என வினவ வேண்டும். ஆம் எனின் அப்பகுதி உரையில் இடம்பெற வேண்டும். அன்று எனின் அது கட்டுரையிலேயே இருக்கட்டும்.

15 நிமிட உரையில் 12 நிமிடங்களைப் பேச்சுக்கும் 3 நிமிடங்களை வினாக்களுக்கும் ஒதுக்குதல் நன்று. அந்தப் பன்னிரண்டில் ஆராய்ச்சியின் வினாவுக்கும் பின்னணிக்கும் 3, முறைக்கு 2, முடிவுகளுக்கு 5, அவற்றின் எல்லைகளுக்கும் தொகுப்புரைக்கும் 2 எனப் பகுத்துக்கொள்ளலாம். பிறர் எழுதிய கட்டுரையை எடுத்துரைக்கும் மாணவருக்கும் இம்முறை பொருந்தும். ஆனால், ஆசிரியரின் கூற்று எது, தம் அபிப்பிராயம் எது என்பதை அவர் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

திரையில் காட்டும் படங்களிலும் இதே சிக்கனம் தேவை. 20 வரிகளும் 8 பத்திகளும் கொண்ட அட்டவணையில் 160 எண்கள் உள்ளன; அவற்றை ஒரு நிமிடத்தில் படித்தறிய எவராலும் இயலாது. அவற்றுள் முடிவைக் காட்டும் எண்களை மட்டும் எடுத்து ஒரு வரைபடமாக அமைத்தல் சிறந்தது. வரைபடத்தைக் காட்டியவுடன் இரு அச்சுகளும் எவற்றைக் குறிக்கின்றன, அவற்றின் அலகுகள் யாவை என்பதைக் கூறிவிட்டுப் பிறகே அதன் பொருளை விளக்க வேண்டும். எழுத்துகள் தெரிகின்றனவா என்பதைக் கடைசி வரிசையில் அமர்ந்து முன்னதாகவே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பயிற்சி

பேச்சாற்றல் பிறவியிலேயே அமைவது என்பர் சிலர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1826ஆம் ஆண்டில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கிய மைக்கேல் பாரடே அவ்வாறு கருதவில்லை. அவர் பேச்சுக் கலையை ஆசிரியரிடம் முறையாகக் கற்றார். சொற்பொழிவில் விரைந்து பேசத் தொடங்கினால், 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைக்குமாறு உதவியாளரிடம் கூறியிருந்தார். நேரம் முடியப்போவதை உணர்த்தவும் ஓர் அட்டை இருந்தது.

நாமும் கடிகாரத்தை முன் வைத்துக்கொண்டு, உரையை வாய்விட்டு இருமுறையேனும் சொல்லிப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் படித்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. வேறு துறை நண்பர் ஒருவரைக் கேட்கச் செய்து, முடிவில் அவர் உணர்ந்ததை ஒரே வாக்கியத்தில் கூறுமாறு வேண்டலாம். அது நாம் முதலில் எழுதிய வாக்கியத்தோடு ஒத்திராவிடில், திருத்த வேண்டியது உரையையே.

வினாக்களை எதிர்கொள்ளுதல்

கேட்போர் எழுப்பக்கூடிய ஐயங்களைத் தாமே முன்னதாக எழுப்பிக்கொள்ளுதல் தயாரிப்பின் இறுதிப் பகுதியாகும். புதிய ஒளி வெறும் ஒளிர்வாக இருக்கலாகாதா என்ற ஐயத்துக்கு, அவ்வொளி பெரிதும் முனைவாக்கம் பெற்றிருப்பதை ராமன் விடையாகக் காட்டினார். விடை தெரியாத வினாவுக்குத் தெரியாது என்று கூறுதல் இழுக்கன்று.

எனினும், நன்கு தயாரித்த உரையும் ஏற்கப்படாமற் போகலாம். 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், 24 வயதினரான எஸ். சந்திரசேகர் லண்டன் ராயல் வானியல் கழகத்தில், வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதை எடுத்துரைத்தார். வழக்கமான 15 நிமிடங்களுக்குப் பதிலாக அவருக்கு அரைமணி நேரம் அளிக்கப்பட்டிருந்தது. அவரை அடுத்துப் பேசிய புகழ்பெற்ற வானியலறிஞர் எடிங்டன் அம்முடிவை மறுத்துரைத்தார். அவையில் நகைப்பு எழுந்தது. மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. ஆயினும் அவருடைய கணக்கு அச்சில் நிலைத்திருந்தது. சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கான அவ்வரம்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1983ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசும் பெற்றார்.

அரங்கில் கிடைக்கும் வரவேற்பு ஓர் ஆராய்ச்சியின் உண்மையை முடிவு செய்வதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. அதைக் காலமும் பிறர் செய்யும் சோதனைகளுமே முடிவு செய்யும். ஆனால், கேட்டவர் ஒருவரேனும் கட்டுரையைத் தேடிப் படித்தால்தான் அச்சோதனை தொடங்கும். அத்தகைய விருப்பத்தை எழுப்புவதே உரையின் பணி. அதற்கு வேண்டுவன அலங்காரமான சொற்களல்ல. தெளிந்த ஒரு முடிவும், அளந்த நேரமும், கேட்பவர்பால் கொண்ட மதிப்புமேயாம்.