பனடோலும் டைலனோலும் ஒன்றுதான்

ஊரிலிருந்து வரும் பெட்டியில் மிளகாய்த்தூள், கருவாட்டோடு பனடோல் அட்டைகளும் வந்துவிடுகின்றன. மோர்னிங்சைட் பகுதியில் எம்மவர் வீடுகள் பலவற்றில் அதே அலுமாரியில் டைலனோல் போத்தலும் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. இலங்கையில் பரசிற்றமோல் என்கிறோம். கனடாவில் அசற்றமினோஃபென் என்று எழுதியிருக்கும். பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் எடுப்பவர்கள் உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். முழங்கால் நோவுக்கு அம்மம்மா 650 மில்லிகிராம் டைலனோல் குளிசை இரண்டிரண்டாக மூன்று வேளை எடுக்கிறார். மொத்தம் 3900. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் உச்ச அளவு 4000. அன்று தடிமன் என்று மகள் இரண்டு பனடோல் கொடுத்தால் இன்னுமொரு 1000. இரவு நியோசிட்ரன் கரைத்துக் கொடுத்தால் அதற்குள்ளும் இதே மருந்து. எல்லாம் அன்பால் கொடுத்ததுதான். ஈரலுக்கு அது தெரியாது. மெலிந்த முதியவர்களுக்கும் தினமும் மது அருந்துவோருக்கும் 4000 கூட அதிகம்.

படிப்பில்லாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்பதை நான் ஏற்பதில்லை. லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பொடி எழுத்தில் இருக்கிறது. வாசித்துச் சொல்லக்கூடிய பிள்ளை வேலைக்குப் போய்விடும். வைத்தியரிடம் போவதென்றால் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். பக்கத்து வீட்டு அக்காவோ உடனே குளிசை தருவார். அவருக்குச் சுகம் தந்த அட்வில், பிரஷரும் சலரோகமும் உள்ள உங்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கைத் தடிமனுக்கு விழுங்குவது வீண். தடிமன் வைரஸால் வருவது.

பலர் அறியாத ஒன்று: 2023 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் கண்நோய், பூச்சிக்கடி போன்ற சில சிறு வருத்தங்களுக்கு மருந்தாளரே மருந்து எழுதித் தரலாம். ஹெல்த் கார்ட் இருந்தால் அந்த ஆலோசனைக்குக் கட்டணமில்லை. போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கசாயத்தூள் உட்பட, ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 811ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டால் "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே ஈரல் பழுதடையத் தொடங்கலாம். அதற்கு மாற்று மருந்து உண்டு. முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். நஞ்சுத் தகவல் நிலைய இலக்கம் 1-844-764-7669. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.