உஷார்! பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடாது

“முதல் சம்சாரத்தைத் தீர்த்துவிட்டாச்சுங்க, பத்திரமே இருக்கு” என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு தாளை நீட்டுகிறார்களா? உஷார்! நூறு ரூபாய் முத்திரைத்தாள், ‘இனி எங்களுக்குள் எந்த ஒட்டும் உறவும் இல்லை’ என்று நாலு வரி, இரண்டு சாட்சிக் கையெழுத்து, நோட்டரி சீல். பார்க்க அரசாங்கக் காகிதம் போலவே இருக்கும். அதை நம்பிப் பெண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்!

இந்து திருமணச் சட்டம், 1955 இதில் கறாராக இருக்கிறது. முதல் மனைவி உயிரோடு இருந்து, விவாகரத்தும் ஆகவில்லை என்றால், அடுத்த கல்யாணம் 5, 11 ஆகிய பிரிவுகளின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. சாதி வழக்கப்படி அறுத்துக்கட்டுவது உண்டு என்பவர்கள், அந்த வழக்கம் நெடுங்காலமாக இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். குழந்தை இல்லையென்று மூத்தவளே சம்மதித்துத் தங்கையைக் கட்டிவைத்தாலும் செல்லாது. பதிவு செய்துவிட்டாலும் செல்லாததுதான். மதம் மாறிக் கட்டினாலும் தப்ப முடியாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவின்படி, இப்படி இரண்டாம் கல்யாணம் செய்தவனுக்கு 7 ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்திருந்தால் 10 ஆண்டு வரை. அவன் ஜெயிலுக்குப் போகலாம். ஆனால் நடுத்தெருவில் நிற்பது நம் பெண். அவன் இறந்தால் மனைவி என்ற முறையில் அவளுக்குச் சொத்தில் பங்கில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள், வாரிசுச் சான்றிதழுக்குப் போகும்போதுதான் தான் மனைவியே இல்லை என்று தெரிந்துகொள்கிறாள். இந்தக் கொடுமை வேண்டாம்!

பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி அவர்கள் முறையான வாரிசுகள். தந்தைக்குரிய பூர்வீகச் சொத்துப் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிச்சயத்துக்கு முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்:

• நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். வழக்கு எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் சரிபாருங்கள்.

• மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா என்று வக்கீலிடம் விசாரியுங்கள்.

• எதிர்த்தரப்பு வராமலே வழங்கப்பட்ட (எக்ஸ்பார்ட்டி) தீர்ப்பா? எதிர்த்தரப்பு வந்து ரத்து செய்யக் கேட்கலாம். கூடுதல் கவனம் தேவை.

• மனைவி இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? மானம் போய்விடும் என்று ஒடுங்கிவிடாதீர்கள். முதல் திருமணத்தை மறைத்துக் கட்டியவன், ஏமாந்த பெண்ணுக்கு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செல்லாது என அறிவிக்கப்பட்ட திருமணத்திலும் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. இன்றே போய் மனுக் கொடுங்கள்!