ஒரு டாலருக்கு ஒரு கிரேன்!

காயலான் கடையில் பழைய சைக்கிளைப் போட்டால்கூட நூறு, இருநூறு தேறும். ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரில், கப்பல் கட்டும் தளத்தில் நின்ற 138 மீட்டர் உயர கிரேனை ஒரே ஒரு டாலருக்குத் தள்ளிவிட்டார்கள், சார்! கழற்றிக்கொண்டு போகும் செலவு வாங்கினவருடையது. 2002-ல் அது கொரியாவுக்குக் கப்பலேறியபோது ஊரே கலங்கியது. 'மால்மோவின் கண்ணீர்' என்று கொரியாவில் அதற்குப் பெயரே வந்துவிட்டது. பி.காம். படித்தவன் நான், இந்தக் கண்ணீரை எந்தப் பக்கம் பற்று எழுதுவதாம்?

1980-களிலேயே மால்மோவில் வியாபாரக் கப்பல் கட்டுவது நின்றுபோச்சு. அந்தத் துறைமுகப் பகுதியில் மண்ணைச் சுத்தம் செய்து, 2001-ல் ஒரு பசுமைக் குடியிருப்பைத் திறந்தார்கள். கோடைச் சூட்டைத் தண்ணீரில் பிடித்து, பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறையில் வைத்துக்கொள்கிறார்கள், நம்ம பாட்டி ஆவக்காய் போட்டு வைக்கிற மாதிரி! குளிர்காலத்தில் எடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். அதற்கான பம்ப்புக்குக் கரன்ட் தருவது காற்றாலை.

பில்டர்களுக்கும் கண்டிஷன் இருந்தது. 35 பசுமை சமாச்சாரங்களில் குறைந்தது பத்தையாவது செய்து காட்ட வேண்டியிருந்தது. பட்டியலில் வௌவாலுக்குப் பெட்டிகூட இருந்தது. (என் ஃப்ளாட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை!)

வௌவாலுக்கு ஜாகை கிடைத்தாச்சு. அங்கே கப்பலுக்கு வெல்டிங் வைத்தவருக்கு? கடலைப் பார்த்த அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் அவருக்குத் தலைசுற்றும். கிரேன் தேவலை. கொரியாவில் உல்சான் நகரில் மறுபடி கப்பல் வேலையில் சேர்ந்துவிட்டது.