கைம்முதலும் கைத்துணையும்

தொழில் தொடங்குவார்க்குக் கைம்முதல் வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. ஆயின், முதல் ஒன்றே போதுமோ? புதிதாய்த் தொழிலில் இறங்கும் ஏழைப் பெண்ணொருத்திக்குப் பணத்தோடு பிறிதொன்றும் இன்றியமையாதது. அஃது அத்தொழிலை முன்னரே செய்து தேர்ந்தாளொருத்தியின் துணையாகும். இவ்வுண்மையைத் திண்டுக்கல் வட்டாரத்தையும் தழுவிய ஒரு முயற்சியைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

திண்டுக்கல் என்றவுடன் பூட்டும் புகையிலையும் பலர்க்கு நினைவு வரும். நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ, மழை பொய்த்துக் கூலிவேலையும் அற்ற காலத்தில் நிலமில்லாக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது கறவை மாடே. அதனை வாங்கப் பொருளில்லாதாள் பால் வணிகரிடம் முன்பணம் பெறுவாளாயின், பாலையும் அவர்க்கே, அவர் குறித்த விலைக்கே, அளக்க நேரிடும். மாடு அவள் தொழுவத்தில் நிற்பினும், அதன் பயனிற் பெரும்பகுதி பிறர் மனையைச் சேரும்.

இத்தகைய நிலையை மாற்றவே திருமதி ஜெயா அருணாசலம் அவர்கள் 1978 ஆம் ஆண்டில் சென்னையில் 'ஒர்க்கிங் உமன்ஸ் ஃபோரம்' என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பினைத் தோற்றுவித்தார். தெருவோரத்தில் பூவும் காய்கறியும் விற்ற பெண்களிடையே தொடங்கிய அம்முயற்சி, பின்னர்த் திண்டுக்கல் வட்டாரத்துப் பால்மாட்டுப் பெண்களிடத்தும் பரவியது. தொடக்கத்தில் நாட்டுடைமை வங்கிகளின் வாயிலாக, நூற்றுக்கு 4 வீத வட்டியில் சிறுகடன் பெற்றுத் தந்தனர். வங்கியின் காலத்தாழ்வும் நடைமுறைச் சிக்கலும் இடையூறாகவே, 1981 இல் மகளிர்க்கெனத் தனிக் கூட்டுறவுக் கடன் சங்கமொன்று எழுந்தது.

அதன் முறை எளிது. அண்டை அயலிலுள்ள பெண்கள் பத்து முதல் இருபது பேர் ஒரு குழுவாவர். ஒருத்தி பெறும் கடனுக்கு ஏனையோர் பொறுப்பாவர். குழுத்தலைவியும் அவர்களுள் ஒருத்தியே. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அல்லள். இதுவே யாம் வற்புறுத்த விரும்பும் செய்தி.

மாடு ஆண்டு முழுதும் ஒரே அளவாய்க் கறப்பதன்று. ஈன்ற சில திங்கள் மிகுதியாய்க் கறந்து, படிப்படியே குறைந்து, பின்னர் வற்றிவிடும். தவணை நாளோ வற்றுவதில்லை. எத்தனையாம் ஈற்று மாட்டை வாங்குவது, கறவை மிகுந்த நாளில் எவ்வளவு சேர்த்து வைப்பது, நோய் கண்டால் யாரிடம் ஓடுவது என்பவற்றைக் கடன் தருவோர் ஏட்டில் எழுதிக் காட்டல் அரிது. மாட்டோடு வாழ்ந்த அடுத்த வீட்டு அக்காளே அவற்றை அறிவாள்.

துணையற்ற கடன் எவ்வாறு முடியும் என்பதற்கு ஆந்திரமே சான்று. ஆண்டுப் பலநிறுவனங்கள் ஒருத்திக்கே கடன்மேற் கடன் அளித்து, வாரந்தோறும் தவணை தண்டின. தாங்கவொண்ணாத நிலை எய்தவே, 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. குழுப் பிணையும் அன்பின்றி நடத்தப்படின் நெருக்கடியாகவே மாறும். பிணை என்பது தவணை தவறியவளை ஏசுவதற்கன்று, தவறாதவாறு முன்னரே தாங்குவதற்கென உணர்தல் வேண்டும்.

நண்பர்களே! கல்வி கற்ற நாம் ஊர்ப்புறத்துப் பெண்களுக்குத் தொழில் கற்பிக்கச் செல்ல வேண்டுவதில்லை. அவர்களே அதில் ஆசிரியர். வங்கித்தாளைப் படித்துக் காட்டுதலும், வரவுசெலவு எழுதப் பழக்குதலும் நம்மால் இயலும். விடுமுறை நாளில் நம் ஊர்க் குழுவொன்றில் அத்துணை செய்வோமாயின், நாம் கற்றதும் பயன்படும். அவர் மாட்டின் பாலும் அவர் மனைக்கே பயன்படும்.