ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் மாறினால் நமக்கென்ன?

'அமெரிக்க ஆய்வு சொல்கிறது' என்ற முன்னுரையோடு வராத உடல்நலச் செய்தி இன்று வாட்ஸ்அப்பில் அபூர்வம். எந்த ஆய்வு, எந்த இதழில் வந்தது, அதை யார் சரிபார்த்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. அனுப்பியவருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் 'சரிபார்க்கும்' வேலைக்கென்றே உலகில் சில இதழ்கள் இருக்கின்றன. அவற்றின் தலைமை ஆசிரியர் நாற்காலியில் யார் அமர்கிறார், என்ன நோக்கத்தோடு அமர்கிறார் என்பது நம் வீட்டு மருந்துச் சீட்டு வரைக்கும் வந்து சேரும் விஷயம்.

அப்படிப்பட்ட இதழ்களில் ஒன்று 'ஜாமா'. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1883 முதல் நடத்திவரும் இதழ் இது. இதைச் சுற்றி இதயம், கண், தோல், குழந்தை நலம் எனத் தனித்தனித் துறை இதழ்களும் சேர்ந்து 13 இதழ்கள் கொண்ட ஒரு குடும்பமே இருக்கிறது. 2022 ஜூலை 1 அன்று இந்தக் குடும்பத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் கிர்ஸ்டன் பிப்பின்ஸ்-டொமிங்கோ. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர், இரண்டாவது பெண்மணி.

மருத்துவ இதழ் ஆசிரியர் என்றால் எழுத்துப் பிழை திருத்துபவர் என்று நினைத்துவிடக் கூடாது. வந்து குவியும் ஆய்வுக் கட்டுரைகளில் எது அச்சேறும், எது திருப்பி அனுப்பப்படும் என்ற இறுதி முடிவு அவருடையது. அதே துறை வல்லுநர்களிடம் கட்டுரையைக் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். புள்ளிவிவர நிபுணர் கணக்கைத் தனியாகப் பார்ப்பார். இத்தனையும் கடந்து வெளியாகும் ஒரு கட்டுரையால் ஒரு மருந்து உலகெங்கும் எழுதப்படலாம், அல்லது நிறுத்தப்படலாம். மருந்துக் கம்பெனிகளின் கண் இந்த இதழ்கள் மீது எப்போதும் இருப்பதில் வியப்பில்லை.

இந்த நாற்காலி சுகமானது அல்ல என்பதற்கு ஜாமாவின் வரலாறே சாட்சி. 17 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் லண்ட்பெர்க் 1999 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார். ஜனாதிபதி கிளின்டன் மீதான விசாரணை சூடாக நடந்துகொண்டிருந்த வேளையில், அதோடு தொடர்புபடுத்திப் பார்க்கத்தக்க ஓர் ஆய்வை அவர் வெளியிட்டார் என்பதே சங்கம் சொன்ன காரணம். இதழின் உரிமையாளரே ஆசிரியரை இப்படித் தூக்கி எறியலாமா என்று பெரும் கண்டனம் எழுந்தது. அதன் பிறகுதான், ஆசிரியரின் சுதந்திரத்தைப் பாதுகாக்கத் தனியாக ஒரு மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது.

அடுத்த புயல் 2021இல். ஜாமாவின் ஒலிபரப்பு நிகழ்ச்சி ஒன்று, அமெரிக்க மருத்துவத்தில் அமைப்பு ரீதியான இனப் பாகுபாடு இருக்கிறதா என்பதையே சந்தேகத்துக்குள்ளாக்கியது. 'எந்த மருத்துவரும் இனவாதி அல்லர், பிறகெப்படி?' என்ற தொனியில் அதற்கு விளம்பரமும் செய்யப்பட்டது. மருத்துவர்கள் கொதித்தார்கள். நிகழ்ச்சி நீக்கப்பட்டது, அதை நடத்திய துணை ஆசிரியர் விலகினார், அதில் நேரடியாகப் பங்கேற்காத தலைமை ஆசிரியர் ஹோவர்ட் பாக்னரும் அந்த ஆண்டு ஜூன் இறுதியோடு பொறுப்பிலிருந்து இறங்கினார். கறுப்பின மருத்துவர்களை நீண்ட காலம் ஒதுக்கி வைத்ததற்காக 2008இல் மன்னிப்புக் கேட்ட சங்கத்தின் இதழ் இது என்பதையும் நினைவில் கொண்டால், அந்தக் கோபத்தின் ஆழம் புரியும்.

இந்தப் பின்னணியில்தான் பிப்பின்ஸ்-டொமிங்கோ வந்தார். அவர் அதுவரை செய்துவந்த வேலையைப் பார்த்தாலே அவருடைய நோக்கங்கள் பாதி விளங்கிவிடும். சான் பிரான்சிஸ்கோவின் பொது மருத்துவமனையில், வசதியற்ற நோயாளிகளிடையே பணியாற்றிய மருத்துவர் அவர். 2010இல் அவரும் சக ஆய்வாளர்களும் உப்பைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள். அமெரிக்கர்கள் தினமும் உண்ணும் உப்பில் 3 கிராம், அதாவது சுமார் அரை டீஸ்பூன் குறைந்தால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 44,000 முதல் 92,000 மரணங்கள் வரை தவிர்க்கலாம் என்று விடை வந்தது. இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. ஆட்களை வைத்துச் செய்த சோதனை அல்ல. 'ஆய்வு சொல்கிறது' என்று பகிர்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த வேறுபாட்டைத்தான். அமெரிக்காவில் உப்பின் பெரும்பகுதி பாக்கெட் உணவிலும் ஹோட்டல் உணவிலும் மறைந்து வருவதால், நோயாளியைக் கண்டித்துப் பயனில்லை, உணவுத் தயாரிப்பிலேயே உப்பைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். (ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேரும் நம் சாப்பாட்டில் கதை கொஞ்சம் வேறு.)

பொறுப்பேற்றதும் அவர் எழுதிய தலையங்கம், இதழ் இன்னும் அதிகம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்பதையே தலைப்பாகக் கொண்டிருந்தது. அவருடைய அக்கறைகளில் நமக்கு முதன்மையாகப் படுவது, ஆய்வு யாரை வைத்துச் செய்யப்படுகிறது என்ற கேள்வி. ஜாமாவுக்கு வருவதற்குச் சற்று முன்பு, மருந்துச் சோதனைகளில் பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் போதிய அளவில் சேர்க்கப்படாதது பற்றி அமெரிக்க தேசிய அகாடமிகள் வெளியிட்ட அறிக்கையின் குழுவுக்கு அவரே தலைவர்.

இது வெறும் சமூகநீதி முழக்கம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். விஞ்ஞான இதழுக்கு இது எதற்கு என்கிறார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். கொரோனா இரண்டாம் அலையின்போது நம் வீடுகளில் அது காட்டிய எண்ணை நம்பித்தான் மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தோம். அக்கருவி தோலின் வழியே ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வேறொரு புகழ்பெற்ற இதழில் வெளியிட்ட தகவல் இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில், இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்த ஆய்வில் இந்தியர்களின் கணக்கு இல்லை. நம் நிறமும் பலவகை. ஆனால் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் ஒரு கருவியின் இந்தக் குறை, நோயாளிகள் மூச்சுக்குத் திணறிய அந்த நாட்களில்தான் பரவலாகப் பேசப்பட்டது. ஆகவே யாரைச் சோதனையில் சேர்க்கிறோம் என்பது விஞ்ஞானத்துக்கு வெளியே உள்ள கேள்வி அல்ல. அதுவே விஞ்ஞானம்.

இன்னொரு நோக்கம், பூட்டைத் திறப்பது. பெரிய மருத்துவ இதழ்களின் கட்டுரைகள் பணம் கட்டியவருக்கே கிடைக்கும். எல்லாருக்கும் இலவசமாகத் திறக்கலாம் என்றால் பல இதழ்கள் எழுதியவரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. வசதியுள்ள பல்கலைக்கழகம் கட்டிவிடும். மதுரையிலோ டாக்காவிலோ சொந்தமாக ஆய்வு செய்யும் மருத்துவர் எங்கே போவார்? 2022 இறுதியில் ஜாமா இதற்கு ஒரு நடுவழியை அறிவித்தது. ஆய்வுக் கட்டுரை வெளியாகும் அதே நாளில், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை எழுதியவர் பொதுக் களஞ்சியம் ஒன்றில் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். இது முழுத் திறப்பு அல்ல. அச்சுக்கேற்ப வடிவமைத்த இறுதிப் பிரதி இதழின் கையிலேயே இருக்கும். எழுதியவர் மெனக்கெட்டு ஏற்றினால்தான் நமக்குக் கிடைக்கும். ஆனாலும் வாசிப்பவரிடமும் எழுதுபவரிடமும் காசு கேட்காத வழி என்பதால் இதை வரவேற்கவே தோன்றுகிறது. இந்தியாவில் 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு அதன் கதவு திறப்பதில்லை.

மருத்துவருக்கு மட்டுமின்றி, கொள்கை வகுப்பவருக்கும் சாதாரண மக்களுக்கும் ஆய்வு புரியும்படி சொல்லப்பட வேண்டும் என்பதும் அவர் எண்ணங்களில் உண்டு. நோயாளிகளுக்கென எளிய நடையில் ஒரு பக்கம் ஜாமாவில் முன்பிருந்தே வருகிறது. அது தமிழில் வராதது நம் பக்கத்துக் குறை என்றே சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கத் தகுதியுள்ள மருத்துவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர் வந்த சில மாதங்களில் எதிர்பாராத ஒரு விருந்தாளியும் வந்துசேர்ந்தது: சாட்ஜிபிடி. ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியவர் பெயராகவே சிலர் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரி இறுதியில் ஜாமா விதி வகுத்தது. கட்டுரைக்குப் பொறுப்பேற்க இயலாத இயந்திரம் அதன் ஆசிரியராக இருக்க முடியாது. எழுத்தில் அதன் உதவியைப் பெற்றவர்கள் எங்கே, எப்படிப் பெற்றார்கள் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், உள்ளடக்கத்தின் சரி பிழைக்கு அவர்களே பொறுப்பு.