தில்லை மரத்தைத் தேடி ஒரு நாள்

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதைச் சென்ற அரையாண்டு விடுமுறையில்தான் நான் அறிந்தேன். “அப்படியானால் அந்தத் தில்லைக் காடு எங்கே?” என்று சித்தப்பாவைக் கேட்டேன். “நடக்கத் தயாராக இருந்தால் காட்டுகிறேன்” என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்த நான்காம் நாள் காலை அப்பா, சித்தப்பா, தம்பி, நான் ஆகிய நால்வரும் புளிச்சோற்றுப் பொட்டலங்களுடன் கடலூரில் ரயில் ஏறினோம். பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் ரயில் வெள்ளாற்றைக் கடந்தது. கிள்ளை நிலையத்தில் இறங்கிப் பிச்சாவரம் நோக்கி நடந்தோம். வழியில் சம்பாப் பயிர் கதிர் பிடித்து நின்றது. போகப் போக வயல்கள் குறைந்து உப்புக் காற்று வீசத் தொடங்கியது. தம்பி பாதி வழியிலேயே கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். பொட்டலத்தைப் பிரித்த பிறகே எழுந்தான்.

நீர்க்கரையை அடைந்தபோது சில இலைகள் மட்டும் சிவந்திருந்த ஒரு மரத்தைக் கண்டேன். நோட்டுப் புத்தகத்தில் வைக்க ஒரு கிளையை ஒடிக்கக் கை நீட்டினேன். “தொடாதே பாப்பா! அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெட்டுவிடும்” என்று ஒரு படகோட்டித் தாத்தா குரல் கொடுத்தார். அதுதான் நாங்கள் தேடி வந்த தில்லை! அதன் இலைகள் உதிரும் முன் சிவக்கும். ஒடித்தால் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

அந்தத் தாத்தாவின் படகிலேயே காட்டுக்குள் சென்றோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, இரு ஆறுகளும் கடலில் கலக்கும் பகுதியில், சுமார் 1,100 எக்டேர் பரப்பில் இந்தச் சதுப்புநிலக் காடு இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

சேற்றில் காற்று இல்லை, நீரிலோ உப்பு. இங்கே மரங்கள் எப்படி வாழ்கின்றன? வெண்கண்டல் மரத்தைச் சுற்றிலும் பென்சில்களை நட்டு வைத்தது போல வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. உயிரியல் வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டிய சுவாச வேர்கள் அவைதாம்! நீர் வற்றும்போது அவை காற்றை உள்ளே இழுக்கின்றன. சுரபுன்னையோ முட்டு வேர்களைப் பல கால்களாக ஊன்றி நிற்கிறது. அதன் வேர் உப்பின் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. தாத்தா தந்த இலையை நாக்கில் வைத்தேன். கடல் நீரைப் போலவே கரித்தது.

சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. முற்றியதும் விழுந்து, சேற்றில் குத்தி நிற்கும்; அல்லது மிதந்து சென்று வேறிடத்தில் வேர் பிடிக்கும்.

ஓரிடத்தில் தாத்தா துடுப்பை நிறுத்திக் கிழக்கே கை காட்டினார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில், கடலை ஒட்டிய மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் கிராமம் அழிந்தது. “என் அக்கா அங்கேதான் இருந்தாள்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளி இருந்ததும் ஒரு காரணம். ஆயினும் நெருங்கிய வேர்களிலும் மரங்களிலும் மோதிய நீர் தன் வேகத்தை இழந்தது என்பதை அக்காட்டைக் கண்ட எவரும் எளிதில் உணரலாம்.

இந்தக் காட்டையும் மனிதர்கள் விட்டு வைக்கவில்லை. முற்காலத்தில் விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு வற்றித் தாழ்ந்து, தாம்பாளம் போலக் குழிந்தது. அதில் புகுந்த ஓத நீர் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மிகுந்து, அங்கே ஒரு கன்றும் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள்ளைப் போன்ற அமைப்பில் கால்வாய்கள் வெட்டிக் கன்றுகளை நட்டார்கள். ஓதம் வந்து போக வழி கிடைத்தது. காடு மீண்டும் தழைத்தது.

திரும்பும்போது நீரில் மிதந்த ஒரு சுரபுன்னை முளையை வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்தேன். பிறகு தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். “சேற்றிலேயே நட்டுவிடட்டுமா தாத்தா?” என்றேன். அவர் படகைக் கரையோரம் ஒதுக்கினார். முழங்கை வரை சேறாக, அதை ஊன்றினேன்.

மாலையில் சிதம்பரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கோபுரம் தெரிந்தது. ஊர் தன் பெயரைக் காட்டிடமிருந்து பெற்றது. அந்தக் காட்டுக்கு நாம் திருப்பித் தரக்கூடியது, அதை வெட்டாமல் விடுவது ஒன்றுதான். தோழியரே, நீங்களும் ஒருமுறை சென்று பாருங்கள். தில்லையை மட்டும் தொடாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி