பல் விழுந்தால் பாலில் போடுங்கள்

ராத்திரி என்றால் பல்வலிக்குக் கொண்டாட்டம். பகலெல்லாம் முணுமுணுத்த கடவாய்ப்பல், கிளினிக் ஷட்டரை இறக்கிய பிறகுதான் விண் விண்ணென்று தெறிக்கும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி, வீங்கிய பற்கூழில் அழுத்தம் ஏறுகிறது. இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்துகொண்டாலே கொஞ்சம் தணியும்.

பிறகு அஞ்சறைப்பெட்டி. கிராம்பிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும் என்பது பாட்டிக் கதையல்ல. தற்காலிகமாகக் குழியடைக்கப் பல் டாக்டர்களும் அதைத்தான் துத்தநாக ஆக்ஸைடோடு குழைக்கிறார்கள். ஒரு கிராம்பை வலிக்கும் பல்லருகே அடக்கிக்கொண்டால் போதும். கிராம்பு எண்ணெயை அப்படியே விட்டால் ஈறு வெந்துவிடும். தேங்காய் எண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்து பஞ்சால் தொட்டு வைக்கலாம். குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம். விழுங்கிவிட்டால் கல்லீரலைப் பாதிக்கும். அவர்களுக்கு வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பே போதும்.

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு உதிரும் என்பார்கள். சொத்தை, பாக்டீரியா சுரக்கும் அமிலத்தால் வருவது. உதிர அங்கே புழுவே கிடையாது. எருக்கம்பால் இன்னும் மோசம், வாயைப் புண்ணாக்கிவிடும்.

ஆனால், வீட்டிலிருக்கும் பொருள்களில் ஒரு பல்லையே மீட்டுத் தரக்கூடியது கிராம்பல்ல, பால். கிரிக்கெட் பந்து பட்டுப் பையனின் முன்பல் மண்ணில் விழுகிறது. நம்மவர்கள் உடனே அதைத் தேய்த்துக் கழுவி, கர்ச்சீப்பில் மடித்து பாக்கெட்டில் வைப்பார்கள். அத்தோடு பல் போச்சு! வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய திசு உயிரோடிருந்தால்தான் பல் மறுபடி எலும்போடு சேரும். காற்றில் காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். தண்ணீரில் ஊறினால் செல்கள் உப்பி வெடிக்கும். பாலின் உப்புச் செறிவு நம் உடலுக்கு நெருக்கமானது என்பதால் செல்கள் தாக்குப்பிடிக்கும்.

வேரைத் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலிலேயே ஒரு அலசு. முடிந்தால் குழியிலேயே பொருத்தித் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் குளிர்ந்த பாலில் போட்டு அரை மணிக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல் சேதமாகும்.

தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் கிராம்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது. நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.